பின்னங்கழுத்து

அவர் எங்கள் வீட்டுக் காலிங் பெல்லை ஒரு நாளும் அழுத்தியதில்லை. காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவின் போனில் ஒரே ஒரு ரிங் வரும், உடனே நின்றுவிடும். மதுரை கே.கே. நகரில் எங்கள் இரண்டாவது மாடி வாசலில் அவர் வந்து நிற்கிறார் என்று அதற்கு அர்த்தம். கேட்டால், "பெல் அடிச்சா பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க முழிச்சிரும்லக்கா" என்பார். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களே அவர்கள் தூக்கத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

லேபிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். அப்பாவுக்குச் சர்க்கரை. மாதம் ஒரு தடவை வெறும் வயிற்றில் ஒரு குழாய் ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குழாய். மூன்று வருடம் வந்தார், பெயர் தெரியாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், ஆனால் அது எப்போதும் திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டியபடியே கிடக்கும். அப்பா தன் போனில் 'ரத்தத் தம்பி' என்று போட்டு வைத்திருந்தார். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதும் அப்படித்தான்.

அவரை எங்கள் தெருப்பக்கமே வராமல் செய்தது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் வழக்கம்போல விழுங்கிவிடுவேன்.

செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்ததும் கையைக் கழுவித் துடைப்பார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சூடு வர உரசிக்கொள்வார். "குளுந்த கை பட்டா நரம்பு பயந்து உள்ள போயிரும்" என்பது அவர் கணக்கு. அப்பாவின் நரம்புகள் எந்தக் கைக்கும் அகப்படாதவை. ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, முழங்கை மடிப்பில் விரலால் தடவித் தேடியபடி நரம்போடு பேசுவார். "எங்க மாப்ள ஒளிஞ்சுக்கிட்ட? வெளிய வா மாப்ள, ஐயா காபி குடிக்கணும்ல." மாப்பிள்ளை வந்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரே குத்து. ஊசி இறங்கியது அப்பாவுக்கே தெரியாது. "அம்புட்டுதான், முடிஞ்சிருச்சு" என்று பஞ்சை வைத்து மடக்கிவிடுவார்.

மூன்று வருடத்தில் அவருக்கு ஒரு வாய் காபி நாங்கள் கொடுத்ததில்லை. கஞ்சத்தனம் இல்லை. வெறும் வயிற்றோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும்போது அடுக்களையில் டிகாக்‌ஷன் மணக்கக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அவர் காலையில் போகிற பத்துப் பன்னிரண்டு வீடுகளும் இதே மாதிரி வீடுகள்தானே என்று ஒரு நாள் தோன்றியது. மதுரையே காபி, டீ குடிக்கிற நேரத்தில் அடுப்புப் பற்றாத வீடுகளாகத் தேடிப் போகிற பிழைப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மறுபடி வரும்போது நான் ஆபீசுக்கு ஓடியிருப்பேன், அப்பாவுக்குக் காபி போடத் தெரியாது. இதைச் சொன்னபோது சிரித்தார்.

"பழகிருச்சுக்கா. ஒம்பது மணி வரைக்கும் நானும் பேஷன்ட்டுதான்."

இதுவரை சொன்னதை வைத்து அவர் தங்கமான மனிதர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குத்துகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக அவருக்குத் தெரியாது. ஆட்களின் தோலைப் பார்ப்பார். முழங்கை, விரல் முட்டி, கணுக்கால், எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னங்கழுத்து. எங்காவது கருத்துத் தடித்திருந்தால் போதும், வாய் சும்மா இருக்காது.

கீழ் வீட்டு டீச்சரம்மாவுக்குத் தைராய்டு பார்க்க வந்தவர், அந்த அம்மா இடுப்பைச் சொறிந்துகொண்டதைப் பார்த்துவிட்டார். "அங்க கருத்துக் கெடக்காம்மா?" என்று கேட்டிருக்கிறார். பாவாடை நாடா கட்டுகிற இடம், எல்லாருக்கும் இருக்கிறதுதான் என்று டீச்சரம்மா சொல்ல, இவர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"முப்பது வருசமா ஒரே எடத்துல கயித்தப் போட்டு இறுக்குனா தோலு என்னம்மா செய்யும்? கருத்து, காப்புக் காச்சுத்தான் போகும். நாடாவுக்குப் பதிலா அகலமாப் பட்டை வச்சுத் தச்சுக்கங்க. ஒரு நாள் மேல கட்டுங்க, ஒரு நாள் கீழ கட்டுங்க. ஆறாத புண்ணு ஏதும் இருந்தா மட்டும் சும்மா விட்றாதீங்க, டாக்டர்ட்ட காட்டிருங்க. நான் டாக்டர் இல்ல, குத்துறவன்."

டீச்சரம்மா மூச்சிரைக்க இரண்டு மாடி ஏறி என்னிடம் வந்தார். "ரத்தம் எடுக்க வந்தவன் பாவாடை நாடாவப் பத்திப் பேசுறான்மா! காலம் கெட்டுப் போச்சு!" நானும் தலையை ஆட்டி வைத்தேன். ஒரு மாதம் போனது. மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது, தன் பாவாடைகளுக்கெல்லாம் டெய்லரிடம் பட்டை வைத்து வாங்கிவிட்டதாகவும் அரிப்பு நின்றுவிட்டதாகவும், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார்.

எந்தக் களிம்பின் பேரும் அவர் வாயில் வராது. எதிர் வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் சிநேகிதி சொன்னாள் என்று மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கி முகத்திலும் கழுத்திலும் பூசிக்கொண்டிருந்தாள். அந்த டியூபை இவர் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர் எழுதாம இதப் போடாதம்மா. மொதல்ல வெளுக்கிற மாதிரி இருக்கும், பெறகு தோலு மெலிஞ்சு சிவந்துரும், விட்டா முன்னவிடக் கருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அம்மா கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினாள். அந்தச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. சாத்தப்பட்ட கதவுகளின் சத்தம் அவருக்குப் பழகிப்போன ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்பாவுக்குத்தான் அவரை ரொம்பப் பிடிக்கும். ஒரு தடவை கேட்டுவிட்டார். "ஏப்பா, கைய நீட்டுறவன் கையப் பாக்க வேண்டியதுதான? அதென்ன கழுத்தக் கழுத்தப் பாக்குற?"

அவர் குழாயில் அப்பா பெயரை எழுதிக்கொண்டே சொன்னார். "கைய எல்லாரும் அவங்களே பாத்துக்கிறாங்கய்யா. பின்னங்கழுத்த யாரு பாப்பா? அடுத்தவன் பாத்துச் சொன்னாத்தான உண்டு. ஒத்தையில கெடக்கறவனுக்கு அப்புடி ஒரு எடம் இருக்கறதே மறந்துரும்."

"நீ ஒத்தைலயா இருக்க?"

"ஆமாங்கய்யா. உசிலம்பட்டிப் பக்கம் ஊரு. அம்மா போன பெறகு அங்க ஆளில்ல. இங்க மாட்டுத்தாவணிகிட்ட ஒரு ரூமு."

சொல்லிவிட்டுச் சட்டென்று அப்பாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதுகைத் திருப்பி, காலரைக் கீழே இழுத்தார். "நீங்களே பாத்துச் சொல்லுங்களேன். கருத்திருக்கா? எங்க வீட்ல எல்லாருக்கும் சர்க்கரை. வந்தா அங்கதான் மொதல்ல காட்டும்னு சொல்லுவாங்க."

அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பத்திரத்தில் கையெழுத்தைச் சரிபார்ப்பதுபோல வெகு நேரம் பார்த்தார். "சுத்தமா இருக்குடா" என்றார்.

அன்றிலிருந்து அது மாதாமாதம் நடந்தது. அப்பாவின் கையில் பஞ்சை மடக்கி வைத்ததும் அவர் திரும்பி உட்காருவார். அப்பா கண்ணாடி போட்டுப் பார்ப்பார். "சுத்தமா இருக்குடா." அவர் எழுந்து பையை மாட்டிக்கொண்டு, "வாரேங்கய்யா, வாரேங்க்கா" என்று படியிறங்கிவிடுவார். அடுக்களை வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்து நான் சிரித்துக்கொள்வேன். ரத்தம் எடுக்கிறவன் தன் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே, கழுத்தைக் காட்டுகிறான் பார் என்று. அவர் கேட்டது ரத்தப் பரிசோதனை இல்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இனி என் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் முடியாது.

பதின்மூன்று வயதில் கருக்க ஆரம்பித்தது. சுற்றிலும் ஒரு பட்டை, தொட்டால் வெல்வெட் துணிமாதிரி. அம்மாவுக்கு அது அழுக்கு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில் காய்ந்த பீர்க்கங்கூட்டை எடுத்துக் கொடுமையாகத் தேய்ப்பாள். கடலை மாவு, எலுமிச்சைத் தோல், உப்பு, எதையும் விடவில்லை. "எம்புட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குதே, எங்கிட்டுத்தான் போயி பெரண்டுட்டு வாரியோ!" தேய்த்த இடம் சிவக்கும், எரியும், ஆறியதும் முன்னைவிடக் கருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா, "கவரிங் செயின் ஒத்துக்கல" என்று சொல்லிச் சமாளிப்பாள். நான் அதுவரை கவரிங் செயின் போட்டதே இல்லை.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா எனக்குப் பூ வைத்துவிடப் பின்னால் வந்து நின்றார். சடையைத் தூக்கிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. எதிரே இருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்தது. பூவை வைத்துவிட்டு, புறப்படும்போது அம்மாவிடம் தணிந்த குரலில், "பிள்ளைய நல்லாத் தேச்சுக் குளிக்கச் சொல்லுங்க" என்றார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அதற்குப் பிறகு வந்ததும் அமையவில்லை. கழுத்துதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, வேறு காரணமும் யாரும் சொல்லவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு தேய்க்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். காலர் வைத்த சுடிதார், தழையத் தழையப் பின்னிய சடை, அதன் மேல் துப்பட்டா. டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டாகப் பார்த்து உட்காருவேன். ஆபீசில் என் நாற்காலி சுவரை ஒட்டி இருக்கும். எனக்குப் பின்னால் ஒரு ஆள் வராமல் இருபது வருடம் வாழ்ந்துவிட்டேன். அதை ஒரு சாமர்த்தியம் என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சித்திரை மாதக் காலையில் கரண்ட் இல்லை. விடிந்தும் விடியாத நேரத்திலேயே புழுக்கம் தாங்கவில்லை. முந்தின நாள் தேய்த்த கழுத்து வேறு எரிந்துகொண்டிருந்தது. முடியை அள்ளி உச்சியில் முடிந்து ஒரு கிளிப்பைப் போட்டிருந்தேன். போனில் ஒற்றை ரிங் வந்ததும் அப்பா எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"அக்கா, செல்லுல லைட்டடிங்களேன். மாப்ள எங்க இருக்கான்னே தெரியல" என்றார் அவர். போன் வெளிச்சத்தை அப்பாவின் முழங்கை மேல் பிடித்தேன். ரத்தம் எடுத்து முடிந்ததும், ஊசி மூடி கீழே விழுந்துவிட்டதென்று குனிந்து தேடினேன். நிமிர்வதற்குள் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"அக்கா, அது அழுக்கு இல்லக்கா. தேய்க்காதீங்க. அழுக்கா இருந்தா தண்ணிக்குப் போயிருமே. புண்ணாக்கி வச்சிருக்கீங்க பாருங்க. ஐயாவுக்கு வேற சர்க்கரை இருக்கு. நீங்களும் வெறும் வயித்துலதான இருக்கீங்க, இப்பவே உங்களுக்கும் ஒரு குழாய் எடுத்துருவோமா?"

அவர் பார்த்ததைக்கூட நான் பொறுத்திருப்பேன். அப்பா பார்த்தார். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எட்டி, தன் மகளின் கழுத்தை முதன்முதலாகப் பார்த்தார். "என்னம்மா இது?" என்றார். அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தேன்.

"உங்க வேலையப் பாத்துட்டுப் போங்க" என்றேன் அவரிடம். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"சரிக்கா" என்று பையை மூடினார். அன்றைக்குத் திரும்பி உட்காரவில்லை, காலரை இழுக்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

பத்து மணிக்கு ஆபீசிலிருந்து லேபுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணிடம், "உங்க ஆளு ரத்தம் எடுக்க வாராரா, பொம்பளைங்க கழுத்தப் பாக்க வாராரா?" என்று கேட்டேன். அந்தப் பெண் திகைத்துப் போய், "என்ன மேடம் சொல்றீங்க?" என்றாள். "வீட்ல வந்து கழுத்தப் பாக்குறாரு, இடுப்பப் பத்திப் பேசுறாரு. இந்த பில்டிங்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க" என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அந்தப் போனின் அயோக்கியத்தனம்.

வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வேறு ஏரியாவுக்கு மாற்றுவார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அடுத்த மாதம் வேறொருவர் வந்தார். காதில் ஒயர், பெல்லை விடாமல் அழுத்தினார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்று இடத்தில் குத்திய பிறகுதான் நரம்பு கிடைத்தது. அப்பா என்னைக் கேட்டார், "அந்தத் தம்பி எங்கம்மா?"

"மாத்திட்டாங்களாம்."

அப்பா குத்திய இடத்தைத் தடவிக்கொண்டார். பிறகு, "இப்ப அவன் கழுத்த யாரு பாப்பா?" என்றார். நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மறு வருடம் அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு மிஸ்டு காலும் இல்லை, பெல்லும் இல்லை. காலையில் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் காபி போடலாம். ஆறு மணிக்கு முழிப்பு வந்துவிடும், ஆனாலும் எழுந்து அடுப்பைப் பற்றவைக்க மனம் வராது. நாக்கு வறண்டுகொண்டே இருந்தது, களைப்பாக இருந்தது. துக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். கழுத்தைத் தேய்ப்பதை மட்டும் விடவில்லை. ஒரு நாள் தேய்த்த புண் ஆறாமல் சீழ் வைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் தோல் டாக்டரிடம் போனேன்.

அந்த டாக்டரம்மா முடியை விலக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வீட்ல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" பிறகு சொன்னார், "இது அழுக்கு இல்லம்மா. தேய்க்காதீங்க."

நான் அழுதுவிட்டேன். புண் வலிக்கிறது என்று நினைத்து டாக்டரம்மா கையை எடுத்துக்கொண்டார். உடம்பில் சுரக்கிற இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது இப்படிக் கழுத்திலும் அக்குளிலும் கருத்துத் தடிக்கும் என்றார். எல்லாருக்குமே சர்க்கரைதான் காரணம் என்று சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம், பார்த்துவிடுவது நல்லது என்றார். பார்த்தோம். நன்றாகவே ஏறியிருந்தது. எத்தனை வருடமாக இருக்கிறதோ என்றார். மாத்திரை, நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, புண்ணுக்கு மருந்து. பீர்க்கங்கூட்டைத் தூக்கி எறியச் சொன்னார். மாதா மாதம் ரத்தம் எடுக்க ஆள் தேடி வந்த வீட்டில் மூன்று வருடம் அடுக்களை வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னபோது, அதை எடுக்கிற கை எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் போனை நான் அணைக்கவில்லை, ரீசார்ஜ் செய்து வைத்திருந்தேன். 'ரத்தத் தம்பி'யை எடுத்தேன். பேசத் துணிவில்லை. ஒரே ஒரு ரிங் விட்டு நிறுத்தினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கூப்பிட்டார்.

"ஐயா!" அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். "எப்புடி இருக்கீங்கய்யா? கூப்புடணும் கூப்புடணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். சுகரு எம்புட்டு இருக்கு? ஐயா?"

"அப்பா இல்ல தம்பி" என்றேன். "போன வருசம் தவறிட்டாங்க."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. "அக்காவா?" என்றார். எனக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேபில் இருப்பதாகச் சொன்னார். "அம்புட்டு தூரம் எதுக்குக்கா?" என்று கேட்டுவிட்டு, அவரே, "சரி, வெறும் வயித்துல வாங்க. எட்டு மணிக்குள்ள வந்துருங்க" என்றார்.

அன்றைக்கு முடியை அள்ளி உச்சியில் கொண்டை போட்டேன். காலர் இல்லாத சுடிதார். கழுத்தில் காற்றுப் பட்டபோது கூச்சமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

லேபில் வேலைக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு அம்மா கையை நீட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் பின்னங்கழுத்து, ரவிக்கைக்கு மேலே, என்னுடையதைவிடக் கருத்துத் தடித்திருந்தது. அவர் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பஞ்சை வைத்து மடக்கினார். "சாயங்காலம் வந்து ரிப்போர்ட்ட வாங்கிக்கங்க" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா போய்விட்டார்.

நான் உட்கார்ந்தேன். வேண்டுமென்றே தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன், கழுத்து முழுக்கத் தெரியும்படி. அவர் உள்ளங்கைகளை உரசிக்கொண்டார், நரம்பைத் தேடினார், குத்தினார். கண் என் முழங்கையை விட்டு மேலே வரவே இல்லை. மாப்பிள்ளையையும் அவர் கூப்பிடவில்லை.

"தம்பி" என்றேன். "அன்னைக்கு லேபுக்குப் போன் பண்ணுனது நான்தான்."

"தெரியும்க்கா." குழாயில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். "ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன். உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலியா?"

"நீங்க சொன்னதுல பொய் ஏதும் இல்லியேக்கா. பாக்கத்தான செஞ்சேன்." மூடியை இறுக்கினார். "அதோட விட்டுட்டேன். இப்பல்லாம் கையோட நிறுத்திக்கிறது."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு எழுந்து நின்று அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"எனக்குப் பாத்துச் சொல்ல ஆளில்ல தம்பி. பாருங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் பின்னால் வந்து நின்றார். இருபது வருடத்துக்கு மேல் ஓடி ஒளிந்த அந்த நிமிடம் அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது, வெளியே பூக்காரி யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"புண்ணு ஆறிருச்சுக்கா" என்றார் கடைசியில். "ஓரமெல்லாம் இளகியிருக்கு. தடிப்புக் கொறஞ்சிருக்கு. முழுசாப் போக நாளாகும், போகாமயும் இருக்கலாம், அதப் பத்தி என்ன? தேய்க்காம இருந்தீங்கன்னாப் போதும். நடக்குறீங்களா? மாத்திரைய விட்றாதீங்க." பழைய குரல் திரும்பி வந்துகொண்டிருந்தது. "பஸ்ல சன்னலோரமா உக்காந்தா துப்பட்டாவப் போட்டுக்கங்க, வெயிலுக்கு. மறைக்கறதுக்கு இல்ல."

"சரி. இப்ப நீங்க திரும்புங்க."

"எதுக்குக்கா?"

"அப்பா இருந்தா பாத்திருப்பாங்கல்ல."

சிரித்துவிட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலரைக் கீழே இழுத்தார். "என்ன, சுத்தமா இருக்கா?" என்று கேட்டார். அப்பாவின் பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி.

காலர் மறைத்திருந்த இடத்தில், கழுத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரைக்கும், கறுப்புப் பட்டை. எனக்கு நன்றாகத் தெரிந்த வெல்வெட். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். அதை ஒரே இடத்தில் யாரோ தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தார்கள். யாரோ என்ன, அவரேதான்.

என்னால் அப்பாவின் பதிலைச் சொல்ல முடியவில்லை.

"அது அழுக்கு இல்ல தம்பி."

அவர் திரும்பவில்லை. காலரைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் மெதுவாக விட்டன. குனிந்து தரையைப் பார்த்தபடி, "கண்ணாடில எட்டிப் பாத்தேன். சட்டை அழுக்குன்னு நெனச்சுக்கிட்டேன்க்கா" என்றார். ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர்.

"காலையில காபி குடிச்சிட்டீங்களா?"

"இல்லக்கா. ஒம்பது ஆகல."

"அப்ப கைய நீட்டுங்க."

நான் சொன்னதை அவர் மறுக்கவில்லை. எல்லாரையும் உட்கார வைக்கிற அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து இடது சட்டைக் கையைச் சுருட்டினார். ரப்பர் பட்டையைக் கட்ட ஒரு கை போதவில்லை. ஒரு முனையைப் பல்லால் கடிக்கப் போனவரிடமிருந்து வாங்கி நான் பிடித்துக்கொண்டேன். மறு முனையை அவர் இழுத்துக் கட்டினார். பிறகு முழங்கை மடிப்பில் விரலை வைத்துத் தடவித் தேடியபடி, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகக் கூப்பிட்டார்.

"எங்க மாப்ள ஒளிஞ்சுக்கிட்ட? வெளிய வா."